கணக்கு டீச்சர் சொன்ன அருள்வாக்கு

சினிமா எடுக்க வேண்டும் என்கிற ஆசை பதினேழு வயதில் எல்லோருக்கும் ஒருமுறை வரும், அம்மை மாதிரி. பலருக்குத் தானாகவே இறங்கிவிடும். எனக்கு வேப்பிலை அடித்துத்தான் இறக்கினார்கள். (ஏதோ பேச்சுக்குச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். நிஜமாகவே அடித்தார்கள், அதுவும் நடுரோட்டில் நிற்க வைத்து.)

அப்போது நான் பிளஸ் டூ. கூட்டாளிகள் இரண்டு பேர். சதீஷிடம் அவன் மாமாவின் பழைய செல்போன் இருந்தது, அதனால் அவன் கேமராமேன். பிரவீனிடம் வாய் இருந்தது, அதனால் அவன் கதாநாயகன். என்னிடம் எதுவும் இல்லை, அதனால் நான் இயக்குநர்.

படத்தின் பெயர் 'மூளைப் பஞ்சம்'. பள்ளிக்கூட ஜாம்பி நகைச்சுவைப் படம். தமிழில் இதுதான் முதல் என்று நாங்களே அறிவித்துக்கொண்டோம். (மறுத்துப் பேச அங்கே யாரும் இல்லை.) ஜாம்பி என்றால் செத்த பிறகும் எழுந்து நடக்கிற பிணம், மனிதர்களின் மூளையைத் தேடித் தின்னும். எங்கள் கதையில், ஸ்பெஷல் கிளாஸ் மேல் ஸ்பெஷல் கிளாஸ் எடுத்ததில் ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் அத்தனை பேரும் ஜாம்பி ஆகிவிடுகிறார்கள். அகோரப் பசியோடு பன்னிரண்டாம் வகுப்புக்குள் நுழைகிறார்கள். முதல் பெஞ்சிலிருந்து கடைசி பெஞ்சு வரை தேடியும் ஒரு மண்டையிலும் ஒன்றும் கிடைக்காமல் பசி மயக்கத்தில் வாசலிலேயே சுருண்டு விழுகிறார்கள். ஊர் பிழைக்கிறது. மக்கு மாணவர்களுக்குக் கலெக்டர் மாலை போடுகிறார். இதை எழுதி முடித்தபோது எனக்கே என் மீது பொறாமையாக இருந்தது.

ஜாம்பிகளுக்குத் தலைவி, கணக்கு டீச்சர். அந்த வேடத்துக்கு எங்கள் வகுப்புப் பெண்களைக் கேட்டோம். ஒருத்தி எங்கள் மூவரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பொணமா நடிக்கறதுக்கு ஒங்களுக்கு மேக்கப்பே வேணாமே, நீங்களே நடிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஆகவே கணக்கில் என்றுமே தேறாத நான் கணக்கு டீச்சர் ஆனேன்.

இந்தக் கலைச்சேவை ஒரு பக்கம் நடந்துகொண்டிருக்க, வீட்டில் வேறொரு கதை ஓடிக்கொண்டிருந்தது. என் அக்கா சுமதி அப்போது சேலத்தில் நர்சிங் கடைசி வருடம் படித்தாள். பொம்மிடியிலிருந்து அவளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. அப்பாவின் தூரத்துச் சொந்தம். நல்ல குடும்பம்தான், ஆனால் வைகாசியிலேயே கல்யாணம் வேண்டும் என்றார்கள். படிப்பை அத்தோடு நிறுத்திவிட வேண்டும், வேலைக்கெல்லாம் அனுப்ப மாட்டோம் என்றும் சொன்னார்கள். அப்பா ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் பத்துப் பேர் முன்னால் "சரிங்க, முடிச்சிரலாம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்த அக்கா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான்காம் நாள் மோட்டார் ரூமுக்குப் பின்னால் என்னைப் பிடித்து, "நீயாவது அப்பாகிட்ட ஒரு வார்த்த சொல்லேன்டா" என்றாள். என்னை நம்பி ஒருத்தி ஒரு காரியத்தைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அப்பா என்னிடம் பேசுவதே இரண்டு வாக்கியம்தான். ஒன்று, "மோட்டார நிறுத்திட்டு வாடா." இன்னொன்று, "தண்டம்." இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே புகுந்து அக்கா படிப்பைப் பற்றிப் பேசுவது? சொல்கிறேன் சொல்கிறேன் என்று நாளைக் கடத்தினேன். அக்கா மறுபடி கேட்கவில்லை. அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

மாசி மாதம் மயானக் கொள்ளை அன்று படப்பிடிப்பு வைத்தோம். மயானக் கொள்ளை அங்காளம்மன் கோயில் திருவிழா. அம்மன் வேஷம் கட்டிய ஆண்கள் சேலை உடுத்தி, முடியை விரித்துப் போட்டு, முகத்தில் கறுப்பும் சிவப்பும் பூசி, வாயில் ஆட்டு ஈரலைக் கவ்விக்கொண்டு ஆவேசமாகச் சுடுகாட்டுக்குப் போவார்கள். சனம் முழுக்கக் கோயிலில் இருக்கும், ரோடு காலியாகக் கிடக்கும் என்பது என் திட்டம். இடம், இண்டூர் பக்கத்தில் சதீஷின் மாமாவுடைய தக்காளித் தோட்டம். பாலக்கோட்டு மண்டியில் அப்போது விலை விழுந்து கிடந்ததால், பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாது என்று பழத்தையெல்லாம் செடியிலேயே விட்டிருந்தார். எங்களுக்கு இலவச ரத்தம்.

வீட்டில் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அப்பாவும் அம்மாவும் அக்காவும் அன்றைக்குப் பூ கேட்கப் போகிறார்கள் என்று தெரியும். எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசி முடிக்குமுன் சாமி மேல் பூ வைத்து உத்தரவு கேட்பது வழக்கம். எந்தப் பக்கம் பூ விழுகிறதோ அதுதான் பதில். எந்தக் கோயிலுக்குப் போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. (டைரக்டருக்கு ஆயிரம் வேலை.)

மேக்கப்புக்குக் கேழ்வரகு மாவைக் குழைத்து முகம் பூராவும் அப்பினார்கள். காய்ந்ததும் பாளம் பாளமாக வெடித்து அசல் பிணத்தோல் வந்துவிட்டது. அதன் மேல் அடுப்புக்கரி. வாயைச் சுற்றித் தக்காளி. சணலைக் கறுப்புச் சாயத்தில் முக்கி முழங்கால் வரை தொங்குகிற சவுரி. சதீஷின் அத்தையுடைய பழைய சிவப்புச் சேலை. மூளைக்குச் சேமியாவைப் பீட்ரூட் தண்ணீரில் வேகவைத்து ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் வைத்திருந்தோம். அதில் ஒரு பிடியை வாயில் கவ்விக்கொண்டு, கண்ணை உருட்டி, ஒரு காலை இழுத்து இழுத்து ரோட்டில் நடக்க வேண்டும். இதுதான் காட்சி.

இதைப் படிக்கிற உங்களுக்கு இந்நேரம் விஷயம் புரிந்திருக்கும். எங்களுக்குத்தான் புரியவில்லை. மூளைப் பஞ்சம் என்று சும்மாவா பெயர் வைத்தோம்?

கோயிலிலிருந்து சுடுகாட்டுக்குப் போகிற ரோடு அந்தத் தக்காளித் தோட்டத்தை ஒட்டித்தான் போகிறது. இதைச் சதீஷ் எங்களிடம் சொல்லவில்லை. பிற்பாடு கேட்டதற்கு "நீங்க கேக்கலியே" என்றான். நான் 'ர்ர்ர்ர்' என்று உறுமிக்கொண்டு வளைவில் திரும்பினேன். எதிரே நாற்பது ஐம்பது பேர் நின்றார்கள். ஊர்வலம் வருமுன்பே வந்து வழியில் காத்திருக்கிற கூட்டம். பெண்கள் குடத்தில் மஞ்சள் தண்ணீரோடு நின்றார்கள். ஒரு நொடி எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அவர்களைப் பார்த்தேன்.

"ஆத்தா வந்துட்டாடி!" என்று ஒரு அம்மா கத்தினார்.

அவ்வளவுதான். குடம் குடமாகக் காலில் தண்ணீர் விழுந்தது. ஒருவர் எலுமிச்சம் பழத்தைக் கையில் திணித்தார். ஒரு பெரியவர் வேப்பிலைக் கொத்தால் தலையிலிருந்து கால் வரை அடித்தார். வாயில் சேமியா இருந்ததால் என்னால் பேச முடியவில்லை. பேச முடிந்திருந்தால் மட்டும் என்ன சொல்லியிருப்பேன்? "நான் ஆத்தா இல்லீங்க, கணக்கு டீச்சருங்க" என்றா? பயத்தில் 'ர்ர்ர்' என்றேன். கூட்டம் இன்னும் பக்தியானது.

சதீஷ் காப்பாற்ற வருவான் என்று பார்த்தேன். அவன் வரப்பு மேல் ஏறி நின்று ஆனந்தமாகப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். "நடிடா, நடி! இப்பிடிக் கூட்டம் எங்கடா கெடைக்கும்!" என்று உதட்டாலேயே கத்தினான். பிரவீன் இன்னும் மோசம். ஆள் பற்றாததால் கதாநாயகனும் அந்தக் காட்சியில் மேலெல்லாம் சாம்பல் பூசிய ஜாம்பி. கூட்டம் அவனைப் பூசாரி என்று எடுத்துக்கொண்டது. அவனும் ஒரே நிமிஷத்தில் பூசாரி ஆகிவிட்டான்.

"போர் போட்டா தண்ணி வருமா, ஆத்தாவக் கேட்டுச் சொல்லு சாமி" என்றார் ஒருவர்.

நான் உறுமினேன்.

"ஏரி நெறையட்டும், அப்பறமாப் பாருங்கறா" என்றான் பிரவீன், கூசாமல்.

அவர் நிம்மதியாகக் கும்பிட்டுவிட்டுப் போனார். வாயிலிருந்து சிந்திய சேமியாவை ஒரு பாட்டி பிரசாதமென்று எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "இனிக்குது" என்றார். அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. ஏனென்றால் அதற்குள் மூன்று பெண்கள் ஈரச் சேலையோடு ரோட்டின் குறுக்கே குப்புறப் படுத்துவிட்டார்கள். குழந்தை வரம் வேண்டுகிறவர்கள் அப்படிப் படுப்பார்கள், அம்மன் தாண்டிப் போக வேண்டும். மிதித்துவிடக் கூடாதே என்று சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, உள்ளுக்குள் நிஜமாகவே சாமி கும்பிட்டுக்கொண்டு தாண்டினேன். அவர்களில் ஒருவர் எழுந்து என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கு வெட்கமாகவும் துக்கமாகவும் இருந்தது. எப்படியாவது ஓடிவிட வேண்டும் என்று திரும்பினேன்.

திரும்பிய பக்கத்தில் என் அப்பா நின்றார். பக்கத்தில் அம்மா. பின்னால் அக்கா.

ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டு, சேலை கட்டி, வாயில் சேமியாவோடு நடுரோட்டில் நிற்கும் மகனை அப்பா என்ன செய்வார் என்று கற்பனை செய்யக்கூட முடியவில்லை. அப்பா என்னை உற்றுப் பார்த்தார். பிறகு தோளில் இருந்த துண்டை எடுத்தார். அதால்தான் அடிக்கப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தால், ஊரில் எந்தப் பெரிய மனிதருக்கும் துண்டை இறக்காத என் அப்பா அதை இடுப்பில் கட்டிக்கொண்டு, நெடுஞ்சாண்கிடையாக என் காலில் விழுந்து கிடந்தார்.

"ஆத்தா, எம் பொண்ணுக்குப் பொம்மிடியில எடம் வந்திருக்குது. வாக்குக் குடுத்துட்டேன். முடிக்கட்டுமா வேணாமா, நீதான் சொல்லணும்" என்றார்.

பல வருடங்கள் யோசித்திருக்கிறேன், அந்த நிமிஷத்தில் எனக்குத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று. இதைத்தானே அக்கா ஒரு வார்த்தை சொல்லச் சொன்னாள். மகனாக நின்று சொல்ல முடியாததைப் பிணமாக நின்று சொல்லிவிடலாம் என்று தோன்றியது. வலதும் இடதுமாகத் தலையை ஆட்டினேன். சவுரி சுழன்று பிரவீன் முகத்தில் அடித்தது.

"ஆத்தாவுக்குச் சம்மதமில்ல!" என்று கூவினான் பிரவீன்.

"ஏன் ஆத்தா?" என்றார் அப்பா, படுத்தபடியே.

காரணம் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். பிரவீனுக்கோ எங்கள் வீட்டு விஷயம் ஒன்றும் தெரியாது. அவன் பாட்டுக்கு ஏதாவது உளறினால் அக்காவின் வாழ்க்கை போச்சு. அப்போது அம்மா முன்னால் வந்து என் நெற்றியில் குங்குமம் வைத்தார். மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, கண்ணுக்குள் பார்த்தார்.

"படிப்பு முடியட்டுங்கறியா ஆத்தா?" என்று சத்தமாகக் கேட்டார்.

தலையை ஆட்டினேன், மேலும் கீழுமாக.

"முடிச்சிட்டு வேலைக்குப் போவட்டுங்கறியா?"

ஆட்டினேன்.

"கல்யாணத்த அப்பறமாப் பாத்துக்கலாங்கறியா?"

ஆட்டினேன்.

"மாவாட்டி மாவாட்டி எங் கையே போச்சு. வூட்டுக்கு ஒரு கிரைண்டர் வாங்கியாரச் சொல்றியா?"

ஆட்டிக்கொண்டிருந்த வேகத்தில் அதற்கும் ஆட்டிவிட்டேன்.

அப்பா லேசாகத் தலையைத் தூக்கினார். "கிரைண்டரும் ஆத்தாவா கேக்கறா?"

"ஆத்தாதான் கேக்கறா!" என்றான் பிரவீன். பின்னால் அக்கா துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்து எனக்கும் அழுகை வந்தது.

சரியாக அந்த நேரத்தில் பம்பைச் சத்தம் கேட்டது. நிஜ அம்மன் வந்துகொண்டிருந்தார். ஆறடி உயரம், நிஜமான ஈரல், நிஜமான ஆவேசம். முதலில் மாயமானவன் பிரவீன். அம்மன் என்னைப் பார்த்து நின்றார். இப்படி ஒரு போட்டியை அவரும் எதிர்பார்க்கவில்லை. நான் சேலையைத் தொடைக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு, தக்காளித் தோட்டத்துக்குள் பாய்ந்தேன். செடிகளுக்கு நடுவே நாலு சால் தாண்டுவதற்குள் சேலை தடுக்கி முகம் குப்புற விழுந்தேன். சவுரி செடியில் மாட்டி அங்கேயே தங்கிவிட்டது. சதீஷ் என்னைத் தூக்கிவிட ஓடி வந்ததில் செல்போன் வாய்க்காலில் விழுந்தது. 'மூளைப் பஞ்சம்' அதோடு தண்ணீரில் போனது.

கூட்டத்தில் யாரும் சந்தேகப்படவில்லை. "சின்ன ஆத்தா பெரிய ஆத்தாளுக்கு வழி வுட்டுப் போறா" என்று ஒரு பெரியவர் விளக்கம் சொன்னது என் காதில் விழுந்தது. எங்கள் சனத்தின் பெருந்தன்மைக்கு அளவே கிடையாது.

மாலை வீட்டுக்குப் போனபோது அப்பா வாசலில் நின்று பொம்மிடிக்குப் போன் பேசிக்கொண்டிருந்தார். "என்னா பண்றதுங்க, ஆத்தா நேர்ல வந்து வேணாம்னுட்டா. பூவே கேக்க வேண்டியதில்லாம போச்சு" என்றார். அந்தப் பக்கத்தில் ஒரு முணுமுணுப்புகூட இல்லை. சாமியே சொன்ன பிறகு மனிதர்கள் என்ன செய்ய முடியும், வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று மரியாதையாக வைத்துவிட்டார்கள். அப்பா என்னைப் பார்த்து, "ஸ்பெஷல் கிளாஸ் முடிஞ்சுதா தண்டம்? போயி மோட்டார நிறுத்து" என்றார்.

அடுப்படியில் அம்மா என்னைப் பக்கத்தில் இழுத்து, முந்தானையால் காதுக்குப் பின்னால் அழுத்தித் துடைத்தார். "கேவுரு மாவு அப்பிடியே காஞ்சு கெடக்குது. வேஷம் கட்டறவன் ஒழுங்காக் கழுவ வேணாமா?" என்றார். நான் வாயைப் பிளந்தேன். அக்கா பின்னாலிருந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, ரோட்டில் அடக்கி வைத்திருந்த சிரிப்பையெல்லாம் சிரித்துத் தீர்த்தாள். அவள் அங்கே அழவே இல்லையாம். "அப்பாவுக்கு மட்டும் தெரிஞ்சிது, அவ்ளோதான்" என்று மூன்று பேரும் சத்தியம் செய்துகொண்டோம். அடுத்த வாரம் கிரைண்டர் வந்தது. அப்பாவே அதற்குக் குங்குமம் வைத்துக் கும்பிட்டார். நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம்.

அக்கா படிப்பை முடித்தாள். இப்போது அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். வேலைக்குச் சேர்ந்து சில வருடங்கள் கழித்து, அவளே விரும்பிய இடத்தில் கல்யாணம் முடிவானது. அந்தக் கல்யாணத்துக்குக் காய்கறி வாங்கப் பாலக்கோட்டு மார்க்கெட்டுக்கு நானும் அப்பாவும் போனோம். திரும்பும்போது டெம்போவின் பின்னால், தக்காளிக் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து வந்தோம். அப்பா ஒரு பழத்தை எடுத்துத் துடைத்துக் கடித்தார்.

"அன்னைக்கு மூஞ்சில அப்பியிருந்தியே, அது கேவுரு மாவாடா?" என்றார்.

எனக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் டெம்போவிலிருந்து குதித்துவிடலாமா என்று பார்த்தேன்.

"பயந்துட்டா நீ ஒரு காலால இன்னொரு காலச் சொறிவ. சின்னப் புள்ளையில இருந்து பாக்கறேன். எந்த ஆத்தாடா கும்புட வந்தவனப் பாத்துப் பயந்து காலச் சொறிஞ்சுக்கிட்டு நிப்பா?"

"தெரிஞ்சா அப்பறம் ஏம்ப்பா கால்ல வுழுந்தீங்க?" என்றேன்.

அப்பா மிச்சப் பழத்தையும் தின்றார். "பத்துப் பேரு முன்னாடி வாக்குக் குடுத்துட்டனேடா. நானே எப்பிடித் திருப்பி வாங்கறது? இவ சோறு திங்காம கெடக்கறா. பூ எந்தப் பக்கம் வுழுமோன்னு வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டுத்தான் போனேன். வழியில நீ நின்ன" என்றார். காம்பை வெளியே எறிந்துவிட்டு, "பூவு எந்தப் பக்கம் வேணாலும் வுழும். நீ உங்கக்கா பக்கந்தான் வுழுவ" என்றார்.

நான் அழுதேன். காற்றில் தூசு விழுந்துவிட்டது என்று கண்ணைக் கசக்கினேன், அவரும் நம்பியது போல் மறுபக்கம் திரும்பிக்கொண்டார். மகள் சாப்பிடவில்லை என்பதற்காக, அத்தனை பேர் பார்க்க, தண்டம் என்று தினமும் திட்டுகிற பையன் காலில் தெரிந்தே விழுந்து கிடந்திருக்கிறார் மனிதர். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லப் பயந்துகொண்டு நான் மோட்டார் ரூமைச் சுற்றி வந்திருக்கிறேன். அன்றைக்கு அந்த ரோட்டில் நிஜமாக ஏமாந்தவன் நான் ஒருத்தன்தான்.

இப்போது நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அப்பா இன்னமும் யாருக்கும் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லத் தெரியாதவர். ஜாமீன் கையெழுத்துக் கேட்டோ, நிலம் கேட்டோ, பேத்திக்கு இப்போதே சம்பந்தம் பேசலாமா என்று கேட்டோ யாராவது வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டால், "ஆத்தாவ ஒரு வார்த்த கேட்டுச் சொல்றனுங்க" என்று எழுந்து கொல்லைப்பக்கம் வந்து எனக்குப் போன் போடுவார். என்ன விஷயம் என்று சொல்ல மாட்டார், நானும் கேட்க மாட்டேன். கேன்டீனில் இருந்தாலும் மீட்டிங்கில் இருந்தாலும் வாயைக் கையால் மூடிக்கொண்டு 'ர்ர்ர்ர்' என்று உறுமுவேன். பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

"சரிங்க ஆத்தா" என்று சொல்லிவிட்டு அப்பா போனை வைத்துவிடுவார்.